"கண்ண மூடிட்டு இதே கம்பெனிதான் வாங்குவேன்!" லாரி ஓனர் அப்பாவும், ஜாமீன் போடப்போற மகனும்



போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பழனிசெட்டிபட்டியில இருக்கிற நம்ம ஆபீசுக்கு ஒரு அப்பாவும் மகனும் வந்தாங்க. அப்பாகிட்ட ரெண்டு லாரி இருக்கு. கம்பம், சின்னமனூர் பக்கம் வாழைத்தார், காய்கறி ஏத்தி குமுளி வழியா கேரளாவுக்கு ஓட்டுறார். மகனுக்கு 27 வயசு. சென்னையில ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் ₹62,000. (அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். தொகைகளை மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.)

அப்பா மூணாவது வண்டி எடுக்கப் போறார். ₹20 லட்சம் கடன், 5 வருசம். மகன் ஜாமீன் கையெழுத்துப் போடணும். சண்டை கையெழுத்துல இல்ல, எந்தக் கம்பெனி வண்டிங்கிறதுல.

"அண்ணே, வேற கம்பெனில ஒரு லட்சம் கம்மியா தர்றாங்க. மைலேஜும் அரை கிலோமீட்டர் கூட வருதாம். இவரு போய்ப் பாக்கக்கூட மாட்டேங்கிறாரு."

"தம்பி, பதினெட்டு வருசமா இந்தக் கம்பெனி வண்டிதான் எனக்குச் சோறு போடுது. மறுபடி வாங்குவியான்னு எவன் கேட்டாலும், கண்ண மூடிட்டு வாங்குவேன்னுதான் சொல்லுவேன்."

அந்த "கண்ண மூடிட்டு"க்காகத்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். லாரிக்காரங்களோட பிராண்டு விசுவாசம் வெறும் பிடிவாதம் இல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு நல்ல கணக்கு இருக்கு. ஆனா அது எந்த வருசத்துக் கணக்குன்னு யாரும் கேட்கிறதில்ல. இதே தப்பை மாசச் சம்பளம் வாங்குற நாமளும் செய்றோம்.

விசுவாசம் எங்கிருந்து வந்துச்சு?

ரொம்ப காலத்துக்கு நம்ம ஊர்ல லாரின்னா ரெண்டே பேருதான். 1948-ல அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சு, பிறகு அசோக் லேலண்டா மாறின எண்ணூர் கம்பெனி ஒண்ணு. 1954-ல பென்ஸ் கம்பெனியோட கூட்டு சேர்ந்து லாரி தயாரிக்க ஆரம்பிச்ச டாடா இன்னொண்ணு. 1980-களின் பாதியில ஐஷர் வந்துச்சு. 2005-ல டாடா ஏஸ், அதான் நம்ம குட்டி யானை. 2011-ல தோஸ்த். 2012-ல ஒரகடத்திலிருந்து பாரத் பென்ஸ். இன்னைக்குக் கடை நிறைய இருக்கு. ஆனா 50 வயசு தாண்டின ஓனர்கள் தொழில் கத்துக்கிட்டது ரெண்டு மூணு பேரு மட்டும் இருந்த காலத்துல.

அந்த அப்பாகிட்ட, "ஏன் இதே கம்பெனி?"ன்னு கேட்டேன். பதில்ல எஞ்சின் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடிச்சாலும் நம்ம மெக்கானிக் கிளம்பி வந்துருவான். பார்ட்ஸ் தேனியிலயே கிடைக்கும். விக்கப்போனா அன்னைக்கே ஆள் வரும்." அவ்வளவுதான்.

கவனிச்சீங்களா? அவர் விசுவாசம் கம்பெனி மேல இல்ல. மெக்கானிக் மேல, ஸ்பேர்ஸ் கடை மேல, செகண்ட்ஸ் மார்க்கெட் மேல. நம்ம பைக் நின்னா பஸ் ஏறி ஆபீஸ் போயிடுவோம். தக்காளி லோடோட மலைப்பாதையில லாரி நின்னா, அன்னைக்கு வாடகையும் போச்சு, சரக்கும் போச்சு, அடுத்த தடவை லோடு கொடுக்கிற மண்டிக்காரர் நம்பிக்கையும் போச்சு. அதனால தெரிஞ்ச வண்டி அவருக்கு ஒரு இன்சூரன்ஸ் மாதிரி. நம்ம பசங்க "அப்பா பழைய ஆளு"ன்னு ஒதுக்கித் தள்றதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்கணும்.

சரி, அந்த இன்சூரன்ஸுக்கு எவ்வளவு பிரீமியம்?

இதை அப்பாவும் போட்டுப் பார்க்கல, மகனும் போட்டுப் பார்க்கல. அன்னைக்கு ஒரு பேப்பர்ல போட்டோம். எல்லாம் தோராயம்தான். உங்க வண்டிக்கு உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

வருசத்துக்கு 60,000 கி.மீ. ஓட்டம். டீசல் லிட்டர் ₹92. பழைய கம்பெனி வண்டி லிட்டருக்கு 6.5 கி.மீ., புதுக் கம்பெனி 7 கி.மீ. ஒரு நாள் வாடகை ₹7,500. டீசல், பேட்டா, டோல் போக மிச்சம் ₹3,500. வண்டி ஒரு நாள் நின்னா நிஜமான நஷ்டம் இந்த ₹3,500. (முழு வாடகையையும் நஷ்டம்னு எழுதாதீங்க. நிக்கிற வண்டி டீசல் குடிக்காது.)

புதுக் கம்பெனிக்கு மாறினா 5 வருசத்துல:

- வாங்கும்போது விலையில மிச்சம்: ₹1,00,000
- டீசல்ல மிச்சம்: வருசத்துக்கு சுமார் 659 லிட்டர், அதாவது ₹60,600. 5 வருசத்துக்கு ₹3,03,000
- பக்கத்துல சர்வீஸ் இல்லாததால வருசத்துக்கு 10 நாள் கூடுதலா நிக்கும்னு வச்சா நஷ்டம்: ₹1,75,000
- விக்கும்போது ₹1.5 லட்சம் கம்மியா போகும்னு வச்சா நஷ்டம்: ₹1,50,000

கூட்டிக் கழிச்சா மாறுறதுதான் லாபம், ₹78,000. மகன் முகத்துல சிரிப்பு.

"இருங்க, அந்த அரை கிலோமீட்டர் யாரு சொன்னது?"ன்னு கேட்டேன். "ஷோரூம்ல." சரி, அதுல பாதிதான், கால் கிலோமீட்டர்தான் கூட வருதுன்னு வச்சுப் போடலாம்னேன். டீசல் மிச்சம் ₹1,57,000 ஆயிடுச்சு. இப்போ மாறுறது நஷ்டம், ₹68,000. இப்போ அப்பா முகத்துல சிரிப்பு.

அதாவது, லிட்டருக்கு கால் கிலோமீட்டர் வித்தியாசம்தான் இந்த மொத்த சண்டையோட தீர்ப்பு. அதை ரெண்டு பேருமே அளக்கல. ஒருத்தர் ஷோரூமை நம்புறார், இன்னொருத்தர் 18 வருசத்தை நம்புறார்.

பேரு அதேதான், வண்டி அது இல்ல

அப்பாவோட 18 வருச அனுபவத்துல பெரும்பகுதி பழைய வண்டியில. 2020 ஏப்ரல் 1-லிருந்து விக்கிற புது வண்டி எல்லாம் பிஎஸ்6. புகைக்குழாய்ல ஃபில்டர், அங்கங்க சென்சார், நடுத்தர, பெரிய வண்டிகள்ல பெரும்பாலும் யூரியா டேங்க். எது கோளாறுன்னு கண்டுபிடிக்கவே ஸ்கேனர் வேணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடி வர்ற மெக்கானிக்கால ஸ்பேனரை மட்டும் வச்சு இப்போ எல்லாத்தையும் சரி பண்ண முடியாது. இது போக, 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகிற நடுத்தர, பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். டிரைவருக்கு ரொம்ப நல்லது. அதே சமயம் மைலேஜ் கணக்குல அதுவும் சேரும்.

அதனால "மறுபடி வாங்குவியா?"ன்னு கேட்கும்போது, எந்த வண்டியை வச்சுப் பதில் சொல்றோம்னு பார்க்கணும். 2007-ல வாங்கின வண்டி நல்லா ஓடுச்சுங்கிறது 2007 வண்டிக்கான சான்றிதழ். அவரோட ரெண்டாவது லாரி 2021-ல எடுத்தது, பிஎஸ்6. அதோட கணக்குதான் இப்போ உதவும். "அது எத்தனை நாள் நின்னுச்சு?"ன்னு கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஞாபகம் இல்ல தம்பி."

ஏன் ஞாபகம் இல்ல? ஏன் ஜாமீன் வேணும்? ரெண்டுக்கும் ஒரே காரணம்

வருமான வரியில 44ஏஇ-ன்னு நாங்க சொல்லிப் பழகின ஒரு முறை இருக்கு. 10 சரக்கு வண்டி வரைக்கும் வச்சிருக்கிறவங்க கணக்கு நோட்டு எழுத வேண்டாம். மொத்த எடை 12 டன்னுக்கு மேல போகாத வண்டின்னா, மாசத்துக்கு ஒரு வண்டிக்கு ₹7,500 வருமானம்னு காட்டினா போதும். அதுக்கு மேல உள்ள பெரிய வண்டின்னா மாசம் டன்னுக்கு ₹1,000. சின்ன ஓனர்களுக்கு இது பெரிய வசதி, நானே நிறைய பேருக்குப் போட்டுக் கொடுக்கிறேன்.

ஆனா இந்த வசதிக்கும் ஒரு விலை இருக்கு. சட்டம் நோட்டு கேட்கலைன்னதும் ஓனரும் எழுதுறதை விட்டுடுறார். எந்த வண்டி சம்பாதிச்சது, எது தின்னதுன்னு அவருக்கே தெரியாமப் போயிடுது. இன்னொண்ணு, ரெண்டு வண்டிக்கு வருசம் ₹1,80,000 மட்டும் காட்டின ரிட்டர்னைப் பார்த்து யாரும் ₹20 லட்சம் சும்மா தர மாட்டாங்க. "பையன் வேலையில இருக்கான்ல, ஜாமீன் போடச் சொல்லுங்க"ம்பாங்க.

தம்பி தங்கைகளே, இந்த இடம் உங்களுக்கு முக்கியம். ஜாமீன்னா சும்மா சாட்சிக் கையெழுத்து இல்ல. 1872-ம் வருச இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. உங்க கடன் அறிக்கையிலயும் அது ஏறும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனா அதையும் பார்ப்பாங்க.

இந்த வண்டிக்கு மாச டியூ கிட்டத்தட்ட ₹43,000. மகன் சம்பளம் ₹62,000. வண்டி நின்னா அந்த டியூ யார் தலையில விழும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

விசுவாசம் பைனான்ஸ்லயும் உண்டு

"நமக்குத் தெரிஞ்ச பைனான்ஸ் தம்பி, 6% வட்டிதான்"னார் அப்பா. கேட்டா ஃபிளாட் வட்டி. ₹20 லட்சத்துக்கு 5 வருசம் 6% ஃபிளாட்னா வட்டி ₹6 லட்சம், மாச டியூ ₹43,333. அடைச்ச அசலைக் கழிச்சுட்டு மிச்சத்துக்கு மட்டும் வட்டி போடுற முறையில இது கிட்டத்தட்ட 10.85%. அதே முறையில ஒரு பேங்க் 10%-க்குத் தந்தா டியூ ₹42,494. 5 வருசத்துல சுமார் ₹50,000 மிச்சம். "6%"ஐ விட "10%" மலிவு! வண்டி விலையில ₹1 லட்சத்துக்குச் சண்டை போட்ட ரெண்டு பேரும் இந்த ₹50,000-ஐப் பார்க்கவே இல்ல.

இப்போ உங்க பக்கம் வரலாம்

லாரி ஓனரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. "இன்னைக்கு இது என்கிட்ட இல்லைன்னா, இதே விலைக்கு மறுபடி வாங்குவேனா?" இந்தக் கேள்வியை உங்ககிட்ட இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் கேட்டுப் பாருங்க.

வண்டி இன்சூரன்ஸ்: வருசா வருசம் அதே கம்பெனி, ஏன்? கிளைம் பண்ணாம இருந்ததுக்குக் கிடைக்கிற போனஸ் 50% வரைக்கும் போகும். அது உங்களுக்குச் சொந்தம், கம்பெனிக்கு இல்ல. மாறினாலும் கூடவே வரும்.

ஹெல்த் இன்சூரன்ஸ்: பிடிக்கலைன்னா, புதுப்பிக்கிற தேதிக்கு 45 நாள் முன்னாடியே வேற கம்பெனிக்கு மாத்த விண்ணப்பிக்கலாம். இதுவரைக்கும் முடிச்ச காத்திருப்புக் காலம் வீணாகாது. ஆனா புதுக் கம்பெனி உங்களை ஏத்துக்கணும். அது உறுதியாகாம பழசை விட்டுடாதீங்க.

வீட்டுக் கடன்: "சம்பள அக்கவுண்ட் இருக்கிற பேங்க்"ங்கிறதுக்காகவே கூடுதல் வட்டி கட்டுறவங்க நிறைய பேர். தனிநபர் வீட்டுக் கடன் மாறும் வட்டியில இருந்தா, முன்கூட்டி அடைக்கிறதுக்கு அபராதம் கிடையாது. வேற பேங்க் சொல்ற வட்டியைக் கேட்டுட்டு வந்து உங்க பேங்க்ல பேசுங்க. புது பேங்க்ல ஆகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ஒரு எச்சரிக்கை. "மறுபடி வாங்க மாட்டேன்"ங்கிறதும் "இன்னைக்கே தூக்கிப் போடுறேன்"ங்கிறதும் ஒண்ணு இல்ல. மறுபடி வாங்கக் கூடாத ஒரு லாரி கூட, டியூ முடிஞ்சு ஓடிட்டு இருந்தா லாபமா இருக்கலாம். மாமா சொன்னார்னு எடுத்த எண்டோமென்ட் பாலிசியும் அப்படித்தான். ஏற்கெனவே கட்டின பணத்தை மறந்துடுங்க. இப்போ நிறுத்தினா கைக்கு எவ்வளவு, இனிமே கட்டப்போறது எவ்வளவு, முடிவுல வரப்போறது எவ்வளவு? இந்த மூணையும் வச்சு முடிவு பண்ணுங்க. மூணு வருசம் பாக்கி இருக்கிற பாலிசிக்கு ஒரு பதில் வரும், பதினஞ்சு வருசம் பாக்கி இருக்கிறதுக்கு வேற பதில் வரும்.

அப்புறம் என்ன ஆச்சு?

2025 செப்டம்பர் 22-லிருந்து சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆச்சுல்ல, அதிலிருந்தே அப்பாவுக்குக் கை பரபரக்குது. ஆனா அந்த 18% அடுத்த வாரமே ஓடிப் போயிடப் போறதில்ல.

அதனால ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. ரெண்டு மாசம் 2021 வண்டிக்கு நோட்டுப் போடணும். ஒவ்வொரு தடவையும் ஃபுல் டேங்க் அடிச்சு கிலோமீட்டரை எழுதணும். நின்ன நாள், நின்ன காரணம், செலவு, எல்லாம் எழுதணும். மகன் பங்குக்கு, புதுக் கம்பெனி வண்டி வச்சிருக்கிற ரெண்டு பேரை இதே கம்பம் ரூட்ல கண்டுபிடிச்சு அவங்க டீசல் பில்லைப் பார்க்கணும். பைனான்ஸ் தவிர ரெண்டு பேங்க்ல வட்டி கேட்கணும். அதுக்கப்புறம் நோட்டு சொல்ற வண்டிக்கு ஜாமீன்.

கிளம்பும்போது அப்பா சொன்னார்: "நோட்டும் என் கம்பெனியத்தான் சொல்லும், பாருங்க தம்பி." சொல்லலாம். எனக்குச் சந்தோசம்தான். அப்பவும் அவர் அதே கம்பெனிதான் வாங்குவார், கண்ணைத் திறந்துக்கிட்டு வாங்குவார்.

ரெண்டு மாசம் முடிஞ்சதும் அந்த நோட்டை வச்சே ஒரு வீடியோ போடுறேன். உங்க வீட்டுல லாரி, வேன், குட்டி யானை இருந்தா, இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன வருசம் நம்ம வண்டி எத்தனை நாள் நின்னுச்சுப்பா?"