கொல்லிமலையில் இருநாள் குடித்தனம்

இல்லறம் இருவருக்கு உரியது. ஆயினும் நம் கூட்டுக் குடும்பங்களில் கணவனும் மனைவியும் தனித்திருந்து பேசும் பொழுது மிகவும் குறைவு. நிக்காஹ் முடிந்ததும் விருந்துகள்; விருந்துகள் முடிந்ததும் வளைகுடாப் பயணம். ஓராண்டோ ஈராண்டோ கழித்து விடுமுறையில் வரும் கணவருக்கு உறவினர் வீடுகளுக்குச் சென்று வரவே நாள்கள் போதுவதில்லை. அவர் மீண்டும் விமானம் ஏறும்போது, சொல்ல எண்ணியிருந்தவை பல சொல்லப்படாமலேயே எஞ்சி நிற்கின்றன.

அன்புச் சகோதரிகளே! இக்குறையைப் போக்க ஓர் எளிய வழி உண்டு. ஊர்ச் சந்தடியினின்று விலகிய ஒரு தோட்டத்தில், சமையலறையுடன் கூடிய சிறு குடிலை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள்கள் தங்குவதே அது. இங்கிலாந்தில் 1965இல் தொடங்கப்பெற்ற லேண்ட்மார்க் அறக்கட்டளை, சிதைந்து கிடந்த பழங்காலக் கட்டடங்களைச் செப்பனிட்டு, விருந்தினர் தாமே சமைத்துண்டு தங்கும்படி வாடகைக்கு விட்டு வருகிறது. நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை இருக்கிறது.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனுடைய வில்லாற்றலையும் கொடையையும் வன்பரணர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்கள். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள் படர்ந்திருக்கும். இத்தோட்டங்களை ஒட்டித் தங்கும் குடில்கள் உள்ளன. எல்லாவற்றிலும் சமைக்கும் வசதி இராது. அடுப்பு, எரிவாயு, பாத்திரம், தண்ணீர் ஆகியவை உண்டா என முன்னரே விசாரித்துக் கொள்ளுங்கள். இருவருடைய அடையாள அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். இருட்டுமுன் மலையேறி விடுவது நலம்.

தாமே சமைப்பதில் நமக்கு மற்றொரு நிம்மதியும் உண்டு. ஹலாலா என்னும் ஐயத்திற்கு இடமில்லை. இறைச்சியைக் கீழேயே நம்பிக்கையான கடையில் வாங்கிச் செல்லலாம். மலையிலே சாமை, தினை, மிளகு, வாழை, பலா, அன்னாசி ஆகியன விளைகின்றன. குளிர்ந்த மாலையில் சாமைச் சோறும் மிளகுக் கோழியும் போதாதா? ஆகாய கங்கை அருவி ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதனைக் காண 1000 படிகளுக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். கருவுற்றோரும் மூட்டுவலி உடையோரும் தவிர்த்து விடுங்கள்.

இனி முக்கியமான செய்தி. சமையலறை இடம் மாறுவதால் மட்டும் பெண்ணுக்கு ஓய்வு கிடைத்து விடாது. கணவர் திண்ணையில் சாய்ந்து தேநீர் கேட்க, மனைவி அடுப்படியிலேயே நிற்பதென்றால், அதற்காக 70 வளைவுகள் ஏற வேண்டியதில்லையே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்திலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் துலக்குவதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. வளைகுடா அறைகளில் தாமே சமைத்துப் பழகியவர்கள்தாமே நம் கணவன்மார் பலர்? அந்தக் கைப்பக்குவத்தை மனைவி ஒருநாளேனும் சுவைக்க வேண்டாமா?

அருகருகே நின்று வேலை செய்கையில், முகம் பார்த்துச் சொல்லத் தயங்கியவையும் எளிதில் வெளிவரும். அடைபடாத கடன், பிள்ளைகளின் படிப்பு, அயல்நாட்டு வாழ்வை என்று முடித்துக் கொள்வது என்னும் கேள்வி ஆகிய எல்லாவற்றையும் அங்கே பேசி விடுங்கள்.

மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகளை அந்த இரண்டு நாள்கள் உங்களிடம் வைத்துக்கொண்டு, மகனையும் மருமகளையும் முகமலர்ச்சியுடன் அனுப்பி வையுங்கள். அவர்கள் மனம் விட்டுப் பேசித் திரும்பினால், அதன் நன்மை உங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.