‘ஆர்ட்டிஸ்ட்’ என்னும் பட்டமும் தொழிலாளி என்னும் பெயரும்

2025 பிப்ரவரி கடைசி வாரத்தில் டெக்னிகலர் குழுமம் கவிழ்ந்தது. 1915இல் அமெரிக்காவில் தோன்றித் திரைப்படத்துக்கு வண்ணம் தந்த பெயர் அது. பிற்காலத்தில் பிரெஞ்சு மூலதனத்தின் கைக்கு மாறி, எம்பிசி, தி மில், மிக்ரோஸ் ஆகிய விஎஃப்எக்ஸ், அனிமேஷன் நிறுவனங்களைத் தன்னுள் அடக்கியிருந்தது. இந்தியாவில் பெங்களூரிலும் மும்பையிலுமாக 3,000க்கும் மேற்பட்டோர் அதில் பணியாற்றினர். ‘லயன் கிங்’ படத்துச் சிங்கங்களுக்கு உயிரூட்டிய உழைப்பில் பெங்களூரின் பங்கும் உண்டு. அந்த உழைப்பாளர்களுக்கு ஓரிரு நாள்களுக்குள் வேலை போயிற்று. வேலை செய்து முடித்த மாதத்தின் ஊதியம் கைக்கு வருமா என்பதே கேள்வியாக நின்றது.

குழுமத்தின் தலைமை தன் ஊழியர்களுக்கு எழுதிய மடலில் காரணங்களை அடுக்கியது. பெருந்தொற்றுக்குப் பிந்தைய நெருக்கடி, பழைய குழுமத்திலிருந்து பிரிந்ததன் செலவு, இவற்றோடு ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் பணி ஆணைகள் குறைந்தன என்பதும் ஒன்று. 2023இல் 148 நாள் நடந்த அந்த வேலைநிறுத்தம், தம் எழுத்துக்கு உரிய பங்கையும் செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான காப்பையும் கேட்டவர்களுடையது. 2022இல் குழுமத்தை இரண்டாகப் பிளந்ததும் கடனைச் சுமத்தியதும் யார் என்று கேட்டால் விடை நிர்வாக அறைக்குள் இருக்கிறது. பெங்களூர்த் தொழிலாளியின் வேலையிழப்புக்கு லாஸ் ஏஞ்சலீஸ் தொழிலாளியைக் கைகாட்டுவது, ஒரு தொழிலாளியை மற்றொருவர்மீது ஏவிவிடும் பழைய தந்திரமே.

நம் பத்திரிகையின் வாசகர் சிலர் கேட்கக்கூடும்: குளிரூட்டிய அறையில் கணினிமுன் அமர்ந்திருப்பவர்கள்தானே, இவர்களுக்கு என்ன குறை? நம் அணிகளிலேயே இப்படிப் பேசுவோர் உண்டு. இந்தப் பேச்சுக்குத்தான் இக்கட்டுரை மறுப்பு.

அந்த அறைக்குள் நடப்பதைப் பார்ப்போம். நடிகரின் தலைமுடி, விரல், முந்தானை ஆகியவற்றின் விளிம்பை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது ரோட்டோ. நடிகரைத் தொங்கவிட்ட கம்பியை அழிப்பது பெயின்ட். படக்கருவி நகர்ந்த வழியைக் கணினிக்குள் மீட்டெடுப்பது மேட்ச்மூவ். தனித்தனியே செய்த அனைத்தையும் ஒரே படிமமாக இணைப்பது கம்பாசிட்டிங். நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800. இவற்றுள் மனிதக் கை படவேண்டியவற்றில் அலுப்பும் கண்வலியும் மிகுந்த பகுதி பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் வருகிறது. இயக்குநரோடு அமர்ந்து தீர்மானிக்கும் நாற்காலியோ பெரும்பாலும் லண்டனிலும் வான்கூவரிலும் இருக்கிறது. நெசவாலையில் பாவு பிணைத்தவருக்கும் இவருக்கும் உழைப்புப் பிரிவினையில் என்ன வேறுபாடு? பெயர்ப்பலகை ஒன்றுதான். இங்கே எல்லாரும் ‘ஆர்ட்டிஸ்ட்’.

பயிற்சி நிலையங்கள் மாணவர்களிடம் விற்பது இந்தச் சொல்லைத்தான். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், ஆர்ட்டிஸ்ட், சீனியர், லீட், சூப்பர்வைசர் என்று ஏணியின் படம் வரைந்து காட்டுகிறார்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோர் ஏணியின் உச்சியைப் பார்க்கிறார்கள். பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்தவரைக் ‘கரியர்’ என்னும் சொல் படுத்தும் பாடு பெரிது. வேலை, தொழில், பிழைப்பு, உத்தியோகம் எதுவும் அதன் இடத்தில் பொருந்துவதில்லை. தனியொருவர் மட்டும் ஏறும் ஏணி என்ற பொருள் அந்தச் சொல்லில் பொதிந்திருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் அந்த ஏணியில் போட்டியாளர், தோழர் அல்லர்.

இனி இந்தப் பெயரின் சட்ட விளைவு. 1946ஆம் ஆண்டின் தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம், பணி நிபந்தனைகளை எழுத்தில் தரவும் விதிப்படியன்றி ஒருவரை வெளியேற்றாதிருக்கவும் முதலாளியைக் கட்டுப்படுத்துவது. 2014 ஜனவரியில் கர்நாடக அரசு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்களித்தது. அனிமேஷன், கேமிங், கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆகியவற்றையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்தது. 2019இல் ஐந்தாண்டு நீட்டிப்பு, 2024இல் மேலும் ஐந்தாண்டு. மூன்று முறையும் காங்கிரஸ் ஆட்சியில் இருந்தது அல்லது ஆட்சியில் பங்கு வகித்தது. இடையில் ஆண்ட பாஜக அதைத் தொடவில்லை. முதலாளிகளின் வசதி என்று வரும்போது இவ்விரு கட்சிகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுவதில்லை.

சலுகைக் கணக்கு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. அனிமேஷன், கேமிங் துறைக்கென்று கர்நாடகத்தின் முதல் கொள்கை 2012இல் வந்தது. 2024இல் வந்த மூன்றாவது கொள்கை 30,000 புதிய வேலைகளை வாக்களித்தது. மோடி அரசு 2022 நிதிநிலை அறிக்கையில் இத்துறைக்குப் பணிக்குழு அறிவித்தது. 2023இல் வெளிநாட்டுப் படத் தயாரிப்புகளுக்கான ஊக்கத்தொகையைச் செலவில் 40 விழுக்காடு வரை, 30 கோடி ரூபாய் உச்சவரம்போடு உயர்த்தியது. முதலாளிக்குத் தரும் தொகைக்கு விழுக்காட்டு அளவில் கணக்கு உண்டு. வாக்களித்த வேலை எத்தனை மாதம் நீடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரி விதிகூட இல்லை.

ஸ்டூடியோக்கள் ஏன் இப்படித் திடீரெனச் சாய்கின்றன? ஒரு ஷாட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிலையான தொகை பேசி ஒப்பந்தம் எடுக்கிறார்கள். இயக்குநர் பத்து முறை மாற்றச் சொன்னாலும் தொகை மாறாது. கூடும் நேரம் தொழிலாளியின் இரவிலிருந்து கழிக்கப்படுகிறது. எந்த நாடு வரிச்சலுகை தருகிறதோ அங்கே வேலை ஓடுகிறது. 2013 பிப்ரவரியிலும் இதுவே நடந்தது. புதுச்சேரியில் தொடங்கும் கதையான ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்குப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. அது திவால் மனு கொடுத்த அதே மாதத்தில் அதன் வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. மேடையில் அந்த நெருக்கடியைச் சொல்லத் தொடங்கியவரின் குரலை ‘ஜாஸ்’ படத்தின் இசையை எழுப்பி அடக்கினார்கள். வெளியே தெருவில் விஎஃப்எக்ஸ் தொழிலாளர்கள் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள்.

வீடியோ கேம் துறையும் இதற்கு விலக்கல்ல. 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தை 2019இல் ராக்ஸ்டார் வாங்கித் தன் இந்தியக் கிளையோடு இணைத்தது. அதே ராக்ஸ்டார் 2025 அக்டோபர் இறுதியில் பிரிட்டனிலும் கனடாவிலும் 30க்கும் மேற்பட்டோரை ஒரேயடியாக நீக்கியது. ரகசியத் தகவலை வெளியிட்டார்கள் என்கிறது நிறுவனம். சங்கம் அமைக்க முயன்றதற்கான பழிவாங்கல் என்கிறது பிரிட்டனின் ஐடபிள்யுஜிபி தொழிற்சங்கம்.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு நிலைமையை மேலும் இறுக்குகிறது. நிலையாணைகள் 300 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு மட்டுமே. அவற்றுக்கும் விலக்களிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. மூடுவதற்கு முன்அனுமதி பெறவேண்டிய கடமை, முன்பு போலவே ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஸ்டூடியோ அதற்குள் வராது. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுபவர் தொழிலாளியே அல்லர். நான்கு பேருக்கு ஷாட் பிரித்துத் தரும் இளைஞருக்கு ‘லீட்’ என்ற பட்டத்தை ஏன் அவ்வளவு தாராளமாகச் சூட்டுகிறார்கள் என்பது இப்போது விளங்கும். ஆனால் தொழிலாளி என்பதன் சட்ட வரையறையில் திறன்சார் பணியும் தொழில்நுட்பப் பணியும் இன்னும் இருக்கின்றன. பதவியின் பெயரன்று, செய்யும் வேலையின் தன்மையே அளவுகோல் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியுள்ளன. இங்கேதான் காலூன்ற இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டூடியோவின் விஎஃப்எக்ஸ் தொழிலாளர்கள், வாக்களித்தவர்களில் ஒருவர்கூட எதிர்க்காமல், ஐஏடிஎஸ்இ சங்கத்தில் சேர முடிவெடுத்தனர். அவர்களும் ஆர்ட்டிஸ்டுகள்தாம். பெங்களூரிலும் வழி இல்லாமல் இல்லை. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கர்நாடக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த யோசனையைத் தெருவில் எதிர்கொண்டது, தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் கேஐடியு சங்கம். மகாதேவபுரத்திலும் ஒயிட்ஃபீல்டிலும் தங்கியிருக்கும் தமிழ் இளைஞர்களை நம் கிளைகள் தேர்தல் நேரத்தில் மட்டும் தேடிப்போவது போதாது.

விலக்கு ஆணையிலேயே சில நிபந்தனைகள் இருக்கின்றன. முதலாளியும் ஊழியரும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குறைதீர்க்கும் குழு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும்; பணிநீக்கம், பணியிடைநீக்கம் ஒவ்வொன்றையும் தொழிலாளர் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அனிமேஷன், கேமிங் நிறுவனங்களிலிருந்து 2014 முதல் இன்றுவரை அப்படி எத்தனை அறிவிப்புகள் வந்துள்ளன, எத்தனை குழுக்கள் உள்ளன என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆணையர் அலுவலகத்தைக் கேட்கும் முதல் மனுவை பெங்களூர்த் தோழர்கள் இம்மாதமே கொடுக்கலாம். கட்டணம் பத்து ரூபாய்.