குமாஸ்தாவின் பக்கம்: வேலையை விடாமல் வர்த்தகச் சட்டம்

இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் இம்மாதம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர் நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர். ரயில்வேப் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் பி.காம். தேறி, இவ்வூரிலேயே ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணி புரிகிறார். உத்தியோகத்தில் இருப்போருக்கென்றே நடத்தப்படும் வர்த்தகச் சட்ட முதுநிலைப் படிப்பு ஒன்றில் சேர விரும்புகிறார். வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் இணையத்தின் வழியாக நடக்குமாம். கட்டணமோ லட்சக் கணக்கில். “மகளின் கல்யாணச் செலவுக்கென்று போட்டுவைத்த வைப்புத் தொகையை உடைத்துத்தான் கட்ட வேண்டும். கட்டினால் இரண்டு வருஷத்தில் அவள் வக்கீலாகிவிடுவாள் அல்லவா?” என்று அன்பர் கேட்கிறார்.

ஆக முடியாது என்பதே பதில். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி ஒருவர் வழக்கறிஞராகப் பதிவு பெற வேண்டுமாயின், இந்திய பார் கவுன்சில் ஒப்புக்கொண்ட எல்.எல்.பி. பட்டம் இன்றியமையாதது. பட்டதாரிகளுக்கு அது மூன்றாண்டுப் படிப்பு. பள்ளி முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு. அதை அஞ்சல் வழியில் படித்துப் பெற்றால் அங்கி அணிய வழியில்லை. ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு எழுபது வகுப்புகளுக்கேனும் வருகை தந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, எல்.எல்.பி. இல்லாதவர் வேறு எத்தனை பெரிய சட்டப் பட்டத்தை வைத்திருந்தாலும் நீதிமன்றத்தில் நின்று வழக்காட இயலாது. அது மட்டுமன்று, முழு நேரச் சம்பள உத்தியோகத்தில் இருப்பவர் அந்த உத்தியோகம் உள்ளவரை வக்கீல் தொழில் நடத்தவும் கூடாது. அன்பரின் கேள்வியில் இருந்த ஆசை நியாயமானது. ஆனால் அந்த ஆசைக்குரிய கதவு இதுவன்று.

அப்படியானால் இப்படிப்பு எதற்கு? இங்கே இரண்டு வகைகளைப் பிரித்து அறிய வேண்டும். விளம்பரங்கள் இவ்விரண்டையும் வேண்டுமென்றே கலந்து வைக்கின்றனவோ என்று நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒன்று, எல்.எல்.எம். என்னும் சட்ட முதுநிலைப் பட்டம். இது எல்.எல்.பி. முடித்தவர்களுக்கே உரியது. மற்றொன்று, எந்தத் துறைப் பட்டதாரியும் சேரக்கூடிய வணிகச் சட்ட முதுநிலைப் பட்டம். பெங்களூரில் உள்ள தேசிய சட்டப் பள்ளி இவ்வகைப் படிப்பைத் தொலைநிலையில் நெடுங்காலமாக நடத்தி வந்திருக்கிறது. கணக்கர்களும் வங்கி அலுவலர்களும் பொறியாளர்களும் அதில் படித்திருக்கிறார்கள். மேல்நாடுகளில் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்ற அடைமொழியுடன் நடப்பவை பெரும்பாலும் முதல் வகை. லண்டன் பொருளாதாரப் பள்ளியில், வேலையில் இருக்கும் சட்டம் பயின்றவர்கள் அவ்வப்போது ஒரு வாரம் சென்று ஒரு பாடத்தை முடித்து வரும் வகையில் அதை அமைத்திருக்கிறார்கள். அந்த அடைமொழி நம் நாட்டிற்கு வந்தபின் யார் யாருக்கோ ஒட்டிக்கொண்டது.

இதனால் விளைந்த குழப்பத்தின் மேல் 2025ஆம் ஆண்டு பார் கவுன்சில் கடுமையான ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் முன் அனுமதி இல்லாமல் இணையவழியிலும் அஞ்சல்வழியிலும் கலப்பு முறையிலும் நடத்தப்படும் எல்.எல்.எம். படிப்புகளும், அதே போன்ற பெயர்களைத் தாங்கி நடப்பவைகளும் ஒப்புக்கொள்ளத் தக்கவை அல்ல என்பது அதன் சாரம். பல்கலைக் கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளும், தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாத படிப்புகளின் வரிசையில் சட்டத்தைச் சேர்த்திருக்கின்றன. இவ்விரு அமைப்புகளும் எப்போதும் ஒரே குரலில் பேசுகின்றன என்றும் எண்ண வேண்டாம். ஓராண்டு எல்.எல்.எம். படிப்புக்கு மானியக் குழு 2013இல் வழி திறந்தது. அதை மூடிவிட பார் கவுன்சில் 2021இல் விதி செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இரண்டு யானைகள் மோதும்போது நடுவில் நிற்கும் செடி நம் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புத்தான்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. சில நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் அளித்த பொறியியல் பட்டங்களைப் பற்றியது அவ்வழக்கு. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மீண்டும் ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் அவை உயிர் பெறும் என்றாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் அடியோடு போயின. பணியில் பதினைந்து ஆண்டு கழித்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாமும் பரீட்சைக்குப் படித்த காட்சியை எண்ணிப் பாருங்கள். கட்டணம் வாங்கிய நிறுவனத்திற்கு வழக்கறிஞர் இருந்தார். படித்தவனுக்குப் பரீட்சைதான் மிஞ்சியது.

இவ்வளவும் சொன்னபின், படிப்பே வேண்டாம் என்று நாம் கூறப் போவதாக அச்சகோதரி எண்ணக் கூடும். இல்லை. வர்த்தகச் சட்டம் அறிவு உள்ள சட்டம். அன்றாடம் கைக்குப் பயன்படும் சட்டம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் கீழ்ப்படியில் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிச் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவானவன் எப்படி இதைச் சொல்லலாம் என்று கேட்பீர்களாயின், சரக்கு அலுவலகத்தில் இருப்பதனால்தான் சொல்கிறேன் என்பேன்.

நாள்தோறும் நாம் எழுதும் ரயில்வே ரசீதையே பாருங்கள். வெளியார் அதைக் கூலிச் சீட்டு என்றே நினைக்கிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமோ அதைச் சரக்கின் உரிமைப் பத்திரங்களுள் ஒன்றாக, கப்பல் சரக்குச் சீட்டோடு சரியாசனம் கொடுத்து வைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ரசீதின் பின்புறம் மேலெழுதி ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் சரக்கின் உரிமை அவருக்குப் போய்விடுகிறது என்கிறது. அனுப்பியவரின் உரிமைகளோடு பொறுப்புகளும் அவரைச் சேரும். ஆகவே நெல் மூட்டை வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே காகிதத்தில் அது மூன்று கை மாறலாம். வங்கி அந்தக் காகிதத்தின் மேல் கடன் கொடுக்கலாம்.

அதே ரசீதில், ரயில்வே ஊழியர் எடையைச் சரிபார்க்காத வாகன் சுமையாக இருந்தால், ‘உள்ளதாகச் சொல்லப்படுவது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இரண்டு மூன்று எழுதப்படும். பார்வைக்குச் சாதாரணம். அச்சொற்கள் விழுந்த கணத்தில், இத்தனை எடை, இத்தனை உருப்படி இருந்தது என்று மெய்ப்பிக்கும் பாரம் வியாபாரியின் தோளுக்கு மாறிவிடுகிறது. சரக்கு குறைந்தால் நஷ்ட ஈடு கேட்டு, ஒப்படைத்த தேதியிலிருந்து ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது 106ஆம் பிரிவு. ஏழாம் மாதம் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் சிறு வியாபாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். சரக்கு உண்மையாகவே போயிருக்கும். ஆனால் கவுண்டருக்கு இப்புறம் நிற்கும் நாம் விதிப் புத்தகத்தைக் காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. அச்சகோதரியைப் போல ஒருவர் அந்த வியாபாரியின் கணக்குப் பிரிவில் இருந்திருந்தால், இரண்டாம் மாதமே அறிவிப்பு வந்திருக்கும்.

இப்படியே மற்றவையும். காசோலை திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த முப்பது நாளுக்குள் அறிவிப்பு, பின்பு பதினைந்து நாள் தவணை, அதன்பின் ஒரு மாதத்திற்குள் புகார் என்று படிப்படியாக நாள் எண்ணிச் செல்கின்றன 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறைச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 138ஆம் பிரிவும் அதைச் சார்ந்த பிரிவுகளும். கடன்பட்ட கம்பெனியைத் திவால் நடவடிக்கைக்கு உட்படுத்தும் 2016ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், மத்தியஸ்தம், போட்டிச் சட்டம், ஜி.எஸ்.டி. ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கக் கற்பிப்பதே இப்படிப்பின் உண்மையான பயன். சட்டத்தை மனப்பாடம் செய்வதற்கு லட்சங்கள் தேவையில்லை. சட்டங்களின் மூலம் அரசாங்க இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

எனவே அச்சகோதரி தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று. நீதிமன்றத்தில் நிற்க ஆசையா, கம்பெனிக்குள் உயர ஆசையா? முதலாவதாயின் வேலையை விட்டோ நீண்ட விடுப்பெடுத்தோ எல்.எல்.பி. படிப்பதே வழி, குறுக்கு வழி இல்லை. கம்பெனிக்குள் உயர்வதாயின், தம் மேலதிகாரியிடம் வாயால் கேளாமல் எழுத்தில் கேட்கட்டும்: “இந்தப் பட்டத்தைப் பதவி உயர்வுக்குக் கருதுவீர்களா? கட்டணத்தில் பங்கு ஏற்பீர்களா?” சில கம்பெனிகள் ஏற்கின்றன. விடை வழவழ என்றிருந்தால் வைப்புத் தொகையில் கை வைக்க வேண்டாம். கம்பெனிச் செயலர் படிப்பு ஒன்று இருப்பதையும் அவர் எண்ணிப் பார்க்கலாம். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்தியக் கம்பெனிச் செயலர் கழகம் அதை நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே பரீட்சைகளை எழுதலாம். பாடத்தின் பெரும்பகுதி இதே வர்த்தகச் சட்டம். முடித்தால் சட்டத்தால் ஒப்புக்கொள்ளப்பட்ட தொழில் ஒன்று கையில் இருக்கும். பரீட்சைகள் கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ரயில்வேயில் உள்ள நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் இலாகாவில் தலைமைச் சட்ட உதவியாளர் என்னும் பதவி உண்டு. அதற்கு வேண்டுவது சட்டப் பட்டம். ஐந்தாண்டு ஊழியம் முடித்த ரயில்வே ஊழியர் சட்டப் பட்டதாரியாக இருந்தால் விண்ணப்பிக்க இடம் தந்திருக்கிறார்கள். எந்தப் படிப்பில் சேர்வதானாலும் முன்னதாக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, நகலைப் பத்திரப்படுத்திக் கொள்ளுங்கள். மாறுதல் உத்தரவு பரீட்சைத் தேதியைப் பார்த்து வருவதில்லை.

நம் அன்பருக்கு இன்னொன்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வகுப்பு என்றால், வாரத்தில் அப்பெண்ணுக்கு ஓய்வு நாளே இல்லை என்று பொருள். வெளியூரில் குடியேறி வாழும் நம் வீடுகளில் தண்ணீர் பிடிப்பதும், ரேஷன் கடைக்குப் போவதும், ஊரிலிருந்து வரும் உறவினரை ஸ்டேஷனில் எதிர்கொள்வதும் அந்த இரண்டு நாளில்தான் நடக்கின்றன. கட்டணத்தைத் தந்தை கட்டினால் போதாது. இந்த வேலைகளில் பாதியைத் தாயும் தம்பியும் ஏற்க வேண்டும். இதைப் பேசி முடிவு செய்யாமல் சேர்ந்து, ஆறாம் மாதம் நிறுத்தியவர்கள் நம் காலனியிலேயே இருக்கிறார்கள். நிறுத்தியவருக்குக் கட்டணம் திரும்பி வராது.

சேர்வதென்றே முடிவானால், பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்திற்கு மூன்று கேள்விகளைக் கடிதமாக எழுதுங்கள். பட்டச் சான்றிதழில் அச்சாகும் பெயர் என்ன? அதை அளிப்பது எந்தப் பல்கலைக் கழகம்? அந்தப் படிப்புக்கும் அந்தக் கற்பிக்கும் முறைக்கும் மானியக் குழுவின் அனுமதியும், வேண்டுமிடத்தில் பார் கவுன்சிலின் அனுமதியும் எந்த ஆண்டு, எந்த எண்ணில் பெறப்பட்டன? தொலைபேசியில் இனிமையாகப் பேசும் பிள்ளைகளின் சொல்லைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். அவர்கள் கமிஷனுக்குப் பேசுகிறவர்கள். பதில் கடிதத்தைச் சங்க அலுவலகத்திற்குக் கொண்டு வந்தால், ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் உடன் அமர்ந்து படித்துப் பார்க்க நாம் தயார்.

அடுத்த இதழில், ரயில்வே பார்சலில் ஊருக்குச் சாமான் அனுப்புவோர் ரசீதில் கவனிக்க வேண்டியவற்றை எழுதுவோம்.