மூன்று நாற்காலிகள்

கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் திரித்துவத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் ஓரிடத்தில் மட்டும் இரு தரப்பும் உடனே ஒத்துப்போகும். குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், 116ஆம் வசனத்தில், தன்னையும் தன் தாயையும் கடவுள்களாக ஏற்கச் சொன்னாயா என்று ஈசா விசாரிக்கப்படுகிறார், இல்லை என்கிறார். அந்த வசனத்தை எடுத்ததுமே கிறிஸ்தவத் தரப்பு குறுக்கிடும்: ஐயா, எங்கள் மூவரில் மரியாள் இல்லவே இல்லை. இருவருக்கும் நிம்மதி. கடவுள் ஒருவரா மூவரா என்ற வழக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தீரவில்லை. கடவுளுக்குள் பெண் இல்லை என்பது மட்டும் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.

மூவரில் மரியாள் இல்லை என்பது இறையியல்படி சரிதான். நான் கேட்பது அந்த அவசரத்தைப் பற்றி.

நம் ஊர் சமய நல்லிணக்க மேடையையே பாருங்கள். ஆயர், மடாதிபதி, இமாம்: மூன்று நாற்காலிகள். குத்துவிளக்கு ஏற்றவும் இறைவணக்கம் பாடவும் தட்டில் பொன்னாடை ஏந்தி வரவும் பெண்கள். மேடையில் பேசப்படுவதோ வேற்றுமையில் சமத்துவம்!

திரித்துவத்தைக் கொண்டே சமயப் பன்மையை விளக்கலாம் என்பது இந்தியக் கிறிஸ்தவம் பெருமைப்படும் ஒரு சிந்தனை. வங்காள பிராமணராய்ப் பிறந்து கத்தோலிக்கரான பிரம்மபாந்தவ் உபாத்யாய், 1898இல் தந்தை, மகன், ஆவி மூவரையும் சத்-சித்-ஆனந்தமாகப் போற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு துதி எழுதினார். 1950இல் குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக் கரைத் தண்ணீர்ப்பள்ளியில், மோன்சானின், லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் ஆசிரமம் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று நாம் அறிந்த அதன் பெயர் சச்சிதானந்த ஆசிரமம். ரைமோன் பணிக்கர் இன்னும் விரிவாகப் போனார். தந்தை என்பது பேச்சற்ற மௌனம், அங்கே பௌத்தம். மகன் என்பது ஆளாய் எதிர்ப்படும் கடவுள். ஆவி என்பது உள்ளுறைவு, அங்கே அத்வைதம். அழகான வரைபடம், மறுக்கவில்லை. ஆனால் அதில் மாரியம்மன் எங்கே? தீமிதியும் கூழ்வார்த்தலும் எங்கே? இந்த நாட்டின் பெண்களும் தலித் மக்களும் கும்பிட்டவற்றில் பெரும்பகுதிக்கு அந்த மூன்று கட்டங்களில் இடமில்லை. உரையாடலுக்குத் தகுதியான இந்து மதம் என்று இவர்கள் முதலில் தேடிப்போனது உபநிடதத்தையும் துறவியையும். உபாத்யாய் வர்ணாசிரமத்தை வெளிப்படையாகவே ஆதரித்தவர். வீட்டையும் பெண்ணையும் விட்டு வெளியேறிய ஆண்கள், அப்படியே வெளியேறிய இன்னொரு மதத்து ஆண்களைச் சந்தித்ததற்குத்தான் பன்மை என்று பெயர் வைத்தோம்.

1968இல் சாந்திவனப் பொறுப்பை ஏற்ற பீட் கிரிஃபித்ஸ் இந்தக் குறையை உணர்ந்தவர்தான். மேற்குலகம் ஆண்மையின் அறிவில் ஊறிவிட்டது, கிழக்கின் பெண்மை அதற்குத் தேவை என்று எழுதினார். கடைசிக் காலத்தில் கடவுளைத் தாயாகவும் பேசினார். பெரிய மனம். ஆனால் அந்தப் ‘பெண்மை’ யாருடையது? உள்ளுணர்வு, கனிவு, சரணடைதல். அதாவது மேற்கத்திய ஆணுக்குக் குறைவாயிருந்த சரக்கு. தண்ணீர்ப்பள்ளி வயலில் நாற்று நட்டவளுக்கு அந்தப் பெண்மையால் என்ன கிடைத்தது? பெண்மையை வேண்டி நிற்பவர்கள் பெண்களை வேண்டுவதில்லை.

தாயைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கவும் வேண்டாம். ஆவி என்ற சொல் எபிரேயத்தில் பெண்பால், சிரியாக்கிலும் பெண்பால். மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக்கில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’, நம் மயிலாப்பூர் தோமாதான், தூய ஆவியைத் தாயே என்று அழைக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு முதல் அந்த மொழியின் இலக்கணத்தையே மீறி ஆவியை ஆண்பாலாக்கத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்துக் கோயில்களின் அப்பா, அம்மா, மகன் என்ற மூவரோடு குழம்பிவிடும் என்று பயந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் ஊகம். அப்படியானால் பிற மதத்தோடு முதல் உரசல் வந்தபோது வெளியேற்றப்பட்டது அம்மாதான். (தமிழில் ‘ஆவியானவர்’ என்று மரியாதைப் பன்மையில் சொல்கிறோம். ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. நம் பிரசங்கிகள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.)

அதே சிரியாக்கில் வழிபட்ட கேரள சிரியன் கிறிஸ்தவர்களுக்கு 1916இல் ஒரு வாரிசுச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல்தான் அது போனது. மகன் தந்தைக்குச் சமம், ஒரு மாற்றும் குறையாது என்று 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி முடிவு செய்தார்கள். 2025இல் அதன் 1700ஆம் ஆண்டையும் கொண்டாடியாயிற்று. ஞாயிறுதோறும் அந்த விசுவாச அறிக்கையைச் சொன்ன வாய்களுக்கு, மகள் மகனில் கால்வாசி என்பது உறுத்தவில்லை.

சொற்களை மாற்றினால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டோம். படைத்தவர், மீட்டவர், தூய்மைப்படுத்துபவர் என்ற பெயரால் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி கொடுக்க வேண்டும் என்று 2008இல் வத்திக்கான் அறிவித்தது. அவை செயல்களைக் குறிப்பவை, ஆட்களை அல்ல என்பது வாதம். சத்தும் சித்தும் ஆனந்தமும் மட்டும் ஆட்களின் பெயர்களா? துதி வேறு, திருவருட்சாதனம் வேறு என்பார்கள். இருக்கட்டும். பிராமணத் தத்துவத்துக்குத் துதியிலாவது கதவு திறந்தது. எங்களுக்கு எங்கே திறந்தது?

நாகப்பட்டினத்துக்கு வாருங்கள். தெற்கே வேளாங்கண்ணி, வடக்கே நாகூர் தர்கா, நடுவில் நீலாயதாட்சி அம்மன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மூன்று இடத்துக்கும் நேர்ந்துகொள்கிற பெண்கள் இருக்கிறார்கள். மூவொரு கடவுளைப் பற்றி அவர்கள் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை. இவர்களை நான் புனிதப்படுத்த வரவில்லை. பல நேர்ச்சைகள் ஆண்பிள்ளை வேண்டி, குடிகாரப் புருஷன் திருந்த வேண்டி. அங்கேயும் பலிபீடத்துக்குப் பின்னால் நிற்பவர் ஆண்தான். ஆனாலும் மதங்களுக்கு நடுவே நிஜமாக நடந்து போய்வருபவர்கள் இவர்களே. அதற்கு நம் இறையியலார் வைத்த பெயர் ‘மக்கள் பக்தி’. கொஞ்சம் கோபம் வந்தால், மூடநம்பிக்கை.

உரையாடல் குழுக்கள் மௌனத்தையும் அத்வைதத்தையும் கொஞ்ச காலம் ஒதுக்கி வைக்கட்டும். கலப்புத் திருமணத்தை எடுங்கள். பிள்ளைகளைத் தன் மதத்தில் வளர்க்க இயன்றதெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பிடம் வாக்குறுதி வாங்குகிறது திருச்சபைச் சட்டம். அந்தத் தரப்பு பெண்ணாக இருந்து, மாமியார் வீட்டில் சாமியறை வேறாக இருந்தால், அந்த வாக்கை அவள் எப்படிக் காப்பாற்றுவாள்? அவள் செத்தால் எந்தக் கல்லறையில் இடம் தருவீர்கள்? அவளை வைத்துக்கொண்டு பேசுங்கள்.