ஐந்து உதாரணமும் ஒரு நிறுவலும்

உதாரணங்கள் இரண்டொன்று ஒத்துவரக் கண்டதும் விதி கைவந்துவிட்டதெனக் கொள்ளும் வழக்கம் நம் மாணவரிடையே உண்டு. பரீட்சை நெருக்கடியில் ஆசிரியரும் அதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும். அதற்கு 4294967297 என்னும் எண்ணே தக்க ஆசான்.

2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்கள் ஒவ்வொன்றோடும் 1 ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்பன பெறப்படும். ஐந்தும் முதன்மை எண்கள். இவ்வரிசையில் வருவன யாவும் அத்தகையனவே எனப் பிரெஞ்சு அறிஞர் பெர்மா 1640 இல் கருதினார். நிறுவல் தம்மிடமில்லை என்பதை அவர் மறைத்தாரல்லர்.

அடுத்து வருவதே மேற்சொன்ன எண். அஃது ஒற்றை எண். 5 இல் முடியாதது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59 ஆதலின் 3 ஆலும் வகுபடாதது. எனினும் அது 641 ஆல் மீதியின்றி வகுபடுமென 1732 இல் ஒயிலர் காட்டினார். ஈவு 6700417. ஐந்து உதாரணம் கட்டிய கோட்டை ஒரு வகுத்தலால் இடிந்தது.

அவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவும் 64 இன் மடங்கொன்றிலும் 1 கூடியதாகவே இருக்குமெனப் பின்னர் ஒயிலரே நிறுவினார். அதன்படி 193, 257, 449, 577 ஆகியவற்றைச் சோதித்துத் தள்ளியதும் ஐந்தாவதாக 641 அகப்படும். ஊகித்த விதி ஏமாற்றியது; நிறுவிய விதி உழைப்பைச் சுருக்கியது.

65537 இற்குப் பின் இவ்வரிசையில் வேறொரு முதன்மை எண் இன்றுவரை காணப்படவில்லை. நம் பழைய மாணவருள் ஆசிரியப் பணி ஏற்றோர், சரியான விடை கண்ட மாணவனிடமும் “எப்போதும் இவ்வாறாகுமோ?” என ஒருமுறை வினவுவாராக. கணிதம் அவ்வினாவிலேயே தொடங்குகின்றது.