எந்த வண்டிக்காரர் மோசம்? – தவறான கேள்விக்கு ஒரு மறுப்பு

 

நால்வர் கூடும் இடத்தில் சாலையைப் பற்றிய பேச்சு எழுந்தால் அது எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. கார் வைத்திருப்பவர் பைக் ஓட்டுபவர்களைச் சாடுகிறார்: இண்டு இடுக்குகளில் நெளிந்து நுழைகிறார்கள், கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை என்கிறார். பைக் ஓட்டுபவர், காரில் வருகிறவர்கள் சாலையையே விலைக்கு வாங்கிவிட்டதாக நினைக்கிறார்கள், பின்னால் வருபவரைப் பாராமல் கதவைத் திறக்கிறார்கள் என்கிறார். இருவரும் சேர்ந்து ஆட்டோவைக் குறை சொல்கின்றனர்: சவாரியைக் கண்டால் நட்டநடுச் சாலையிலும் நிறுத்திவிடுவார்களாம். ஆட்டோ ஓட்டுநரோ நிறுத்தத்தை விட்டு விலகி நிற்கும் பேருந்தைக் காட்டுகிறார். பேருந்து ஓட்டுநர், வலப்பக்கத் தடத்தை விட்டு நகராமல் ஊர்ந்து செல்லும் லாரியைக் காட்டுகிறார். லாரி ஓட்டுநருக்கோ எல்லோர் மீதும் கோபம்.

இவற்றில் எந்தக் குற்றச்சாட்டும் பொய்யல்ல. ஆயினும் இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு பொய்யானது. ‘அந்த வண்டிக்காரர்களே அப்படித்தான்’ என்று சொல்லி முடிக்கும்போது, பேசுகிறவர் தம்மை அந்தக் கணக்கிலிருந்து விடுவித்துக்கொள்கிறார். இந்தப் பழக்கத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியின் வகைதான் காரணம் என்றால், வண்டி மாறும்போது மனிதரும் மாற வேண்டும். அப்படி மாறுவதை யாரேனும் கண்டதுண்டா? வார நாட்களில் பைக்கில் எதிர்த்திசையில் வந்து குறுக்கு வழி தேடுகிறவர், பெருநாளன்று குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு செல்லும்போதும் அதே எதிர்த்திசையில்தான் வருகிறார். காரில் அமர்ந்து பைக்குகளைத் திட்டுகிறவர், நெரிசலான கடைத்தெருவுக்கு ஸ்கூட்டரில் போகும்போது அவரும் நெளிந்தே நுழைகிறார். எந்த வண்டியில் ஏறினாலும் அவர் தம்முடைய அவசரத்தையும் கூடவே ஏற்றிக்கொள்கிறார்.

இதற்கு நம் சமுதாயத்திடமே ஓர் அழுத்தமான சான்று இருக்கிறது. நம் ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்த குடும்பங்கள் ஏராளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1000 திர்ஹம் அபராதம், 12 கரும்புள்ளிகள், 30 நாட்களுக்கு வண்டி முடக்கம். ஓராண்டில் 24 கரும்புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டுநர் உரிமமே பறிபோகும். அங்கே நம் சகோதரர்கள் எத்தனை ஒழுங்காக ஓட்டுகிறார்கள்! இருக்கைப் பட்டை அணியாமல் வண்டியை நகர்த்துவதில்லை. நள்ளிரவில் ஆளில்லாத சந்திப்பிலும் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கிறார்கள். அதே சகோதரர் விடுமுறைக்கு ஊர் வந்ததும் தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின் மீது வைத்துக்கொண்டு, மனைவி, மூன்று பிள்ளைகள் சகிதம் ஒரே பைக்கில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிறார். விதி தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியுமா? ஓட்டத் தெரியாதவர் என்றுதான் சொல்ல முடியுமா? அங்கே கேமரா பார்க்கிறது. இங்கே பார்க்கவில்லை என்று எண்ணுகிறார். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான் என்று நம்பும் ஒரு சமுதாயத்திற்கு இதைவிடக் கூர்மையான கேள்வி வேறு உண்டா?

‘எல்லா வண்டிகளும் சமமா? லாரி மோதுவதும் மிதிவண்டி மோதுவதும் ஒன்றா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்றல்ல. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர். ஆனால் வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. எடை கூடக் கூட மோதலின் கடுமையும் கூடுகிறது. ஆகவே பெரிய வண்டியில் அமர்ந்திருப்பவருக்குப் பொறுப்பு அதிகம். லாரி ஓட்டுநரைவிடக் கார் ஓட்டுநருக்கும், அவரைவிட பைக் ஓட்டுநருக்கும் சுமை குறைவு. எந்தச் சுமையுமின்றிப் பாதுகாக்கப்பட வேண்டியவர் நடந்து செல்பவர். ஆனால் நம் சாலைகளில் இந்த வரிசை தலைகீழாக நடைமுறையில் இருக்கிறது. பெரியது வந்தால் சிறியது ஒதுங்க வேண்டும். சாலையைக் கடக்க நிற்கும் மூதாட்டி அனைவருக்கும் ஒதுங்க வேண்டும். வலிமையுள்ளவர் முதலில் செல்வது என்பது காட்டின் நியதி. அதை நாம் சாலையின் நியதியாக்கி வைத்திருக்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பாருங்கள். அவ்வோராண்டில் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள். இறந்தோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டிற்கு: 64,105. இறந்தோரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். பத்தில் ஏழு மரணங்களுக்குக் காரணமாகப் பதிவாகியிருப்பது அதிவேகம். வேகம் எந்த வண்டிக்கும் தனியுடைமையல்ல. அதைத் தீர்மானிப்பது ஓட்டுபவரின் கையும் காலும்தான்.

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடுவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹஜ்ஜில் அரஃபாவிலிருந்து மக்கள் திரும்பும் நேரம். பெருங்கூட்டம், ஒட்டகங்களை அதட்டி விரட்டும் ஓசை. நபி (ஸல்) அவர்கள் மக்களை நோக்கி நிதானத்தைக் கடைப்பிடிக்குமாறும், வாகனத்தை விரைந்து விரட்டுவதில் நன்மை இல்லை என்றும் அறிவுறுத்தியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. தம் ஒட்டகத்தின் கடிவாளத்தை அவர்கள் எவ்வளவு இழுத்துப் பிடித்திருந்தார்கள் என்றால், அதன் தலை சேணத்தை ஒட்டியிருந்தது என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இடைவெளி கிடைத்த இடத்தில் வேகத்தைக் கூட்டினார்கள் என்பதும் அதே பயணத்தைப் பற்றிய செய்திதான். நெரிசலில் நிதானம், வெட்டவெளியில் வேகம். வணக்கத்திற்காகச் செல்லும் பயணத்திலேயே விரட்டுவதில் நன்மை இல்லை என்றால், ஜமாஅத் தொழுகையைப் பிடிக்கவேண்டும் என்று சந்துக்குள் பைக்கை விரட்டுவதில் நன்மை எங்கிருந்து வரும்?

லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையில் நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. நடையையும் குரலையும் இன்றைய சாலையில் வேகம் என்றும் ஹாரன் என்றும் வாசித்தால் தவறாகாது. இரவு பத்து மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் தேவையின்றி ஹாரன் அடிப்பதைச் சட்டமும் தடுக்கிறது. நோயாளி உறங்கும் வீடு எது என்று அறியாத நமக்கு மார்க்கமும் அதைத் தடுக்காதா? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்த நாம், ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலின் முன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி நாமே இடையூறாகிவிடுகிறோம். உள்ளே முன்வரிசையைத் தேடுகிறோம். வெளியே ஆம்புலன்ஸ் வழியின்றி நிற்கிறது.

1993-இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, மார்க்கத்திற்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கக் கடமை என்றே தீர்மானித்தது. ஆகவே ‘அது அரசாங்கத்தின் சட்டம், இது மார்க்கம்’ என்று பிரித்துப் பேசித் தப்ப வழியில்லை.

விபத்து நேர்ந்த பின் நம் வாயிலிருந்து வரும் சொல் ‘விதி’. கத்ரை நம்புவது ஈமானின் தூண். ஆனால் தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவருக்கும் குர்ஆன் பொறுப்பை விதிக்கிறது: இறந்தவரின் குடும்பத்திற்கு இழப்பீடு, அடிமையை விடுதலை செய்ய இயலாதபோது தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. கவனக்குறைவால் நேரும் சாலை மரணங்களை மார்க்க அறிஞர்கள் இந்த அடிப்படையில்தான் ஆராய்கின்றனர். எல்லாம் விதி என்று சொல்லிக் கடந்துவிடலாம் என்றிருந்தால், இந்தப் பரிகாரம் எதற்கு? ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பது எப்படித் தவக்குல் ஆகாதோ, அப்படியே தலைக்கவசத்தை வீட்டில் வைத்துவிட்டு பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுவதும் தவக்குல் ஆகாது.

பெற்றோரே, இனி வரும் சொற்கள் உங்களுக்கு. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் பைக்கில் கடைக்குப் போய் வருவதைப் பெருமையாகப் பேசும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்ததும் தெருக்களில் மூவர் மூவராக ஏறிப் பறக்கும் பிள்ளைகளின் கையில் சாவி எப்படி வந்தது? அதை நாம்தானே கொடுத்தோம்? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிய வயதை எட்டாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார்: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டிப் பதிவு ரத்து. அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற இயலாது. இவையெல்லாம் சிறிய தண்டனைகள். அந்தப் பிள்ளையால் வேறொரு வீட்டில் ஜனாஸா விழுந்தால், அதன் கேள்வி மறுமையில் பிள்ளையிடம் மட்டும் கேட்கப்படுமா? பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தெருவில் செல்லும் அடுத்தவர் உயிரும் அப்படியே.

பொருள் கொண்டுவரும் டெலிவரி இளைஞனை ‘இவர்களால்தான் விபத்து’ என்று திட்டுகிறோம். சாப்பாடு வரப் பத்து நிமிடம் தாமதமானால் அவனையே தொலைபேசியில் கடிந்துகொள்கிறோம். அவனுடைய வேகத்தில் நம் பசியும் பொறுமையின்மையும் கலந்திருப்பதை மறந்துவிட்டு வண்டி வகையைப் பற்றி ஆராய்ச்சி செய்வது எந்த வகை நேர்மை?

ஆகவே ‘எந்த வண்டிக்காரர் மோசம்’ என்ற கேள்வியை விட்டுவிடுவோம். அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியவை மிக எளியவை, நாளையே தொடங்கக்கூடியவை. எதிரே வண்டி வந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்துவோம். கதவைத் திறக்குமுன் பின்னால் பார்ப்போம். நடப்பவருக்காக நிற்போம். உரிமம் இல்லாத பிள்ளைக்குச் சாவியை மறுப்போம். ஜமாஅத் நிர்வாகிகள் ஜும்ஆ நாளில் வண்டிகளை ஒழுங்குபடுத்த இரு இளைஞர்களை நியமிக்கட்டும். ஆலிம் பெருமக்கள் ரமளானுக்கு முந்திய ஒரு குத்பாவை இப்பொருளுக்கென ஒதுக்கட்டும்.

அடுத்த வண்டியில் இருப்பவரின் குறைகளைப் பட்டியலிடுவதால் ஓர் உயிரும் பிழைக்காது. நம் கையில் உள்ள கைப்பிடியையும் நம் காலின் கீழுள்ள பிரேக்கையும் கொண்டு பிழைக்க வைக்க முடியும். அவற்றைப் பற்றித்தான் நாம் கேட்கப்படுவோம். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும், நம்மால் பிறரையும் பாதுகாப்பானாக!