வெற்றுப் பெட்டிகளை வீச வேண்டாம்



"பயிற்சித்தாள் தராம குப்பைப் பெட்டியெல்லாம் கொண்டு வரச் சொல்றீங்களே டீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்விதான்.

தரம் 2 பிள்ளைக்குச் சதுரமுகியின் படத்தைக் காட்டி முகங்கள் எத்தனை என்று கேளுங்கள். மூன்று என்று சொல்லும். பிள்ளையில் பிழையில்லை, படத்தில் தெரிவது மூன்றுதான். லூடோ தாயக்கட்டையைக் கையில் கொடுங்கள். திருப்பித் திருப்பி எண்ணி ஆறு என்று சொல்லும்.

டின்மீன் டின் உருளும், நிமிர்த்தினால் நிற்கும். பந்து எப்படி வைத்தாலும் உருளும். உருளைக்கும் கோளத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் விளங்குகிறது.

தொட்டுப் பார்த்த பிறகு தாளுக்குப் போவோம். தாளிலேயே தொடங்கினால் மனப்பாடம் மட்டுமே மிஞ்சும்.

சவர்க்காரப் பெட்டி, பால்மா பெட்டி எதையும் வீசாமல் நாளைக்குக் கொடுத்தனுப்புங்கள்.